மிச்சம் வைக்காத நாள்

அன்று மதியம் போட்ட சூப் எது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கடற்பாசிச் சூப் என்று கதையில் எழுதினேன். முள்ளங்கி போட்ட மாட்டிறைச்சிச் சூப்பாகவும் இருந்திருக்கலாம். பதினேழு வருடம் ஆகிவிட்டது. அப்போது எனக்குப் பதினான்கு வயது. அந்த வயதில் எது நடந்தது, எதைப் பிறகு நானே சேர்த்துக்கொண்டேன் என்று பிரித்துச் சொல்ல முடியுமா, தெரியவில்லை. என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ளும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிழமை மட்டும் உறுதி. வொன்ஜுவில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் புதன்கிழமைக்கு மிச்சம் வைக்காத நாள் என்று பெயர். அன்று சாப்பாடு நன்றாக இருக்கும். தட்டில் எதையும் விடக் கூடாது. சாப்பாட்டு வண்டி வகுப்புக்கே வரும். சாப்பிட்டு முடித்ததும் காலியான சூப் வாளியில் எல்லோரும் தட்டை வழித்துக் கொட்டுவோம். எந்த வகுப்பின் வாளி லேசாக இருக்கிறதோ அந்த வகுப்புக்கு வெள்ளிக்கிழமை ஐஸ்கிரீம். எங்கள் வகுப்பில் ஒருத்தி மெதுவாகச் சாப்பிடுவாள். மணி அடிக்கும்போது அவள் தட்டில் பாதி இருக்கும். அந்த ஆண்டு முழுவதும் எங்களுக்கு ஐஸ்கிரீம் கிடைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, வாளியில் சேர்ந்திருந்ததை ஒருத்தி கரண்டியால் அள்ளி இன்னொருத்தியின் தலையில் ஊற்றினாள். இது நடந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதைத்தான் வெப்டூனாக, இணையத்தில் வாரம்தோறும் வரும் படக்கதையாக எழுதினேன். மா ஹேரிம் என்ற என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன். கதைக்கும் 'மிச்சம் வைக்காத நாள்' என்றுதான் பெயர். அதற்கு முன் இரண்டு தொடர்கள் எழுதியிருந்தேன். இரண்டும் இருபது வாரம் தாண்டவில்லை. புச்சொனில் ஒரு மாடியறையில் நானும் கியூவொனும் வேலை செய்தோம். கதை என்னுடையது, படம் அவனுடையது. என்னைவிட நான்கு வயது சிறியவன். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ள மாட்டோம். சில நாள் காலையிலிருந்து மாலைவரை அவன் பேனா திரையில் உரசும் சத்தம் மட்டும் இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

இணையதளத்தில் எங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவர் பாங். மூன்றாவது தொடருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, பள்ளிக் கதை கொண்டுவாருங்கள், ஆனால் உண்மையான காயம் இருக்க வேண்டும், வாசகர்கள் பொய்க் காயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். அன்று மாலை நான் கியூவொனிடம் அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். தலையில் வழிந்தது, பின்வரிசையில் சிரித்தது, ஆசிரியை வந்து யார் தரையைத் துடைப்பது என்று மட்டும் கேட்டது. கியூவொன் கண்ணாடியைக் கழற்றினான்.

"அக்கா, இத்தன வருஷமா இதச் சொமந்துக்கிட்டா இருந்தீங்க?"

ஆமாம் என்றேன். அதுவும் பொய் இல்லை.

கதையில் மெதுவாகச் சாப்பிடுகிறவளுக்கு ஆராம் என்று பெயர் வைத்தேன். கரண்டி பிடித்தவளுக்கு ஜேகால் மின். கிம் என்று வைத்திருக்கலாம். எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேரில் எட்டுப் பேர் கிம். ஜேகால் என்பது இரண்டு அசைக் குடும்பப் பெயர். அப்படிப்பட்ட பெயர் ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டுக்குத்தான் இருக்கும். வருகைப்பதிவு எடுக்கும்போது அந்தப் பெயர் வந்ததும் வகுப்பு திரும்பிப் பார்க்கும். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு பெயர் இருந்தது. நம்குங் யூன். அந்தச் சத்தம் எனக்குப் பழகியிருந்தது, அதனால் வைத்தேன். வேறு எண்ணம் அப்போது இல்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் ஓர் அத்தியாயம் வெளிவரும். அன்று மாலை நான் கருத்துகளைப் படிப்பேன். எல்லாவற்றையும் படிப்பேன். ஆயிரம் வந்தாலும், எட்டாயிரம் வந்தாலும்.

"ஆராம், அழாத. ஒன் பின்னால நாங்க நாப்பதாயிரம் பேரு நிக்கிறோம்."

"இந்த மின்னுக்குத் தலமுடிய ஏன் இவ்வளவு அழகா வரையிறீங்க? மொட்ட போட்டு விடுங்க."

"மின் நாளைக்கு பஸ்ல அடிபடட்டும். டிரைவருக்கு காபி என் செலவு."

"யோவ், டிரைவர் என்ன பாவம் பண்ணாரு? லாரி போதும்."

படித்துவிட்டுக் கியூவொன் சிரிப்பான். நான் ஆராமுக்கு எழுதியவற்றை மட்டும் மறுபடி படிப்பேன். என்னிடம் யாரும் அப்படிப் பேசியது கிடையாது. என் அம்மாவும் பேசியதில்லை. சில வாரங்களில் அவை எனக்கே எழுதப்பட்டவை என்று தோன்றத் தொடங்கியது. எழுதியவர்களும் ஆராம் நான்தான் என்று நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்லவள் அடிவாங்கிக்கொண்டே இருக்கும் அத்தியாயத்தைச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்பார்கள். தண்ணீர் இல்லாமல் தின்றதுபோல் தொண்டையில் நிற்குமாம். கெட்டவள் மாட்டிக்கொள்ளும் அத்தியாயம் சோடா. பாங் வாரம் ஒருமுறை கூப்பிடுவார்.

"எழுத்தாளரே, முப்பது வாரமா கெழங்குதான் அவிச்சுப் போடுறீங்க. ஜனங்களுக்கு விக்கல் எடுக்குது. சோடா எப்போ?"

"வரும்," என்பேன்.

முப்பத்தோராவது அத்தியாயத்தில் ஒரு சோதனை செய்தேன். யோசனை கியூவொனுடையது. மின்னுக்கு ஒரு நல்ல குணம்கூட இல்லாமல் வரைந்தால் கை வலிக்கிறது என்றான். நான் ஒரு காட்சி எழுதிக் கொடுத்தேன். மின் வீட்டுக்குப் போகிறாள். அம்மாவின் நூடுல்ஸ் கடை மூடியிருக்கிறது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மின் கப் நூடுல்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்து, பாதியை அம்மாவுக்கு எடுத்து வைத்துவிட்டு, மீதியை நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். வீட்டில் யாராவது எதையாவது மிச்சம் வைத்தால் அவளுக்குத் தாங்காது. ஒரு வசனமும் இல்லை. நான் எழுதியவற்றிலேயே அதுதான் நல்ல காட்சி.

வாசகர்கள் போட்ட மதிப்பெண் பத்துக்கு ஆறு வந்தது. அதற்கு முன் ஒன்பதுக்குக் கீழே போனதில்லை. மேலே நின்ற கருத்து இது: "கொடும பண்ணவளுக்குச் சோகக் கத குடுக்காதீங்க." இருபத்தோராயிரம் பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். அடுத்தது: "நானும் ஏழதான். நான் யார் தலையிலயும் எதையும் ஊத்தல." மூன்றாவது: "எழுத்தாளரே, நீங்க அடிபட்டவங்க. அவளுக்காக நீங்க ஏன் பேசணும்?"

மின்னுக்கும் பதினான்கு வயதுதான். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கரண்டி பிடித்தவளை இவர்கள் எந்த வயதிலும் மன்னிக்க மாட்டார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நாற்பதாவது அத்தியாயத்தில் கரண்டிக் காட்சி வந்தது. கியூவொன் கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். படம் வரைகிறவர்கள் யாரையாவது நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வது வழக்கம். கீழே இருந்த சோற்றுக்கடையில் பெரிய கரண்டியைக் கடன் வாங்கி வந்தான். நான் நின்று காட்டினேன். வாளியின் அடியிலிருந்து அள்ளும்போது மணிக்கட்டு தாங்காது, முழங்கையை இடுப்போடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். நிறைந்த கரண்டியைத் தூக்கும்போது கட்டைவிரல் காம்பின் மேலே வரும் என்றேன். அவன் பல கோணத்தில் எடுத்துக்கொண்டான். அப்படியே வரைந்தான். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். அந்த வாரம் பதினோராயிரம் கருத்துகள்.

அவற்றில் ஒன்று, 'மதியத் தூக்கம்' என்ற பெயரில் வந்தது.

"ஒரு சந்தேகம். தலையில ஊத்தப்பட்டவளுக்கு கரண்டியோட எடை எப்படித் தெரியும்? இந்தக் காட்சி முழுக்க ஊத்தினவ பக்கத்துலேர்ந்து வரைஞ்சிருக்கு."

படிக்கும்போது பதினொரு பேர் ஆமோதித்திருந்தார்கள். மறுநாள் காலை அறுநூறு. வியாழக்கிழமை நாலாயிரம். அதிக ஆமோதிப்பு வாங்கிய மூன்று கருத்துகள் அத்தியாயத்துக்கு நேர் கீழே நிற்கும். கதையைப் படிக்கிற எல்லோரும் அவற்றைப் படிப்பார்கள். நான் பாங்கைக் கூப்பிட்டு அதை எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"திட்டு இல்ல, கெட்ட வார்த்தை இல்ல, எத வச்சு எடுக்கறது?" என்றார். "விடுங்க எழுத்தாளரே. எவனோ துப்பறியும் மூளக்காரன்."

நான் விடவில்லை. அதற்குப் பிறகு செய்ததைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, அத்தியாயத்தின் கீழே இருக்கும் எழுத்தாளர் குறிப்பில் இரண்டு வரி சேர்த்தேன். இது என் பள்ளியில் நடந்த உண்மைச் சம்பவம், பெயரை மாற்றியிருக்கிறேன், அந்தக் குடும்பப் பெயரின் ஓசையை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். யாரையும் குறிப்பிடவில்லை. என் ஊரும் வயதும் ஏற்கெனவே ஒரு பேட்டியில் வந்திருந்தன. சனிக்கிழமை மாலைக்குள் வாசகர்கள் என் பள்ளியைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு அசைப் பெயர் கொண்ட பெண்ணைத் தேடினார்கள். எல்லோர் படமும் பெயரும் அச்சிட்ட பள்ளி ஆல்பம் கிடைக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆல்பத்தைக் காட்டிவிட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குமேல் யாரும் சாட்சி கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பக்கம் வெளியாயிற்று. அதில் நம்குங் யூன் இரண்டாவது வரிசையில் இருந்தாள். வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "சிரிப்பப் பாரு, அதே மொகம்" என்று முதல் ஆள் எழுதினான். மதியத் தூக்கத்தின் கருத்து நான்கு மணி நேரத்தில் எங்கோ அடிக்குப் போயிற்று.

அவள் சுன்சொனில் ஒரு தொடக்கப் பள்ளியில் சாப்பாட்டு அதிகாரியாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். குழந்தைகளுக்கு அந்த வாரம் என்ன சமைப்பது என்று தீர்மானிக்கிற வேலை. மாதப் பட்டியலைப் பள்ளியின் இணையப் பக்கத்தில் அவள் பெயரோடு போடுவார்கள். வாசகர்கள் அதன் கீழே எழுதத் தொடங்கினார்கள். இன்று யார் தலையில் என்ன சூப் என்று கேட்டார்கள். கரண்டிப் பேய் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது என்று பெற்றோர்கள் கையெழுத்து வாங்கினார்கள். இவற்றையும் நான் படித்தேன். யாரைப் பற்றியோ எழுதியதுபோல்தான் இருந்தது.

அவள் எங்கள் மாடியறைக்கு வந்தது பதினாறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல். வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஆரஞ்சுச் சாறு பாட்டில் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். அவள் யார் என்று தெரியாமல் கியூவொன் காபி போட்டுக் கொடுத்தான். எனக்கும் ஒரு கோப்பை வைத்தான்.

"முழுசாப் படிச்சேன். அம்பத்தேழு வாரமும்," என்றாள்.

நான் என் கோப்பையை எடுத்தேன்.

"நல்லா எழுதற. அந்தப் பொண்ணு கழிப்பறைல தலைய அலசற எடத்துல நானும் அழுதேன். அப்புறம்தான் ஊரே இப்ப என்னத்தான் மின்னுன்னு சொல்லுதுன்னு ஞாபகம் வந்துச்சு."

கியூவொன் திரும்பிப் பார்த்தான். கீழே சோற்றுக்கடையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு மட்டும் தப்பா எழுதியிருக்க, ஹேரிம். சூப்பு சுட்டுச்சுன்னு போட்டிருக்க. முப்பத்தாறு பேரு தின்னுட்டுக் கொட்டின வாளி. அது எப்படிச் சுடும்? ஆறிப்போயி பச மாதிரி இருந்துச்சு. காதுக்குள்ள போன சோத்துப் பருக்க சாயங்காலம்தான் வெளிய வந்துச்சு."

"எனக்கு அவ்வளவு தெளிவா ஞாபகம் இல்ல."

"ஒனக்கு எப்படி இருக்கும்? ஊத்தினவ நீ."

கியூவொன் என் கையைப் பார்த்தான். நான் கோப்பையை இடது கையில் பிடித்திருந்தேன். திரையில் மின் கரண்டியை இடது கையில் பிடித்திருந்தாள். அவன் தன் நாற்காலியை மெதுவாகச் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டான்.

ஆம். அந்த ஆண்டு வாளிப் பொறுப்பு என்னுடையது. மிச்சம் வைத்தவள் அவள். அவள் மிச்சத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். உங்களிடம் கொடுத்த புகாரில் பதினொரு புதன்கிழமைகள் என்று எழுதியிருக்கிறாள். எனக்கு ஒன்றுதான் நினைவிருக்கிறது. கதையில் நான்கு வைத்தேன்.

யூன் கோபப்படவில்லை. ஒரு வேலையைப் பேசி முடிக்க வந்தவள்போல இருந்தாள்.

"வர்ற வெள்ளிக்கெழம பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டம். என்ன வச்சுக்கறதா வேணாமான்னு. செவ்வாக்கெழம ஒன் கத வரும்ல? அதுக்குக் கீழ ஒரு வரி போடு. மின்னுங்கறவ நம்குங் யூன் இல்லன்னு. அவ்வளவுதான். நீதான்னு போட வேணாம். நீ எப்பவுமே சொல்ல வேணாம். எனக்கு என் சமையக்கட்டு கெடச்சாப் போதும்."

"பாக்கறேன்," என்றேன்.

அவள் எழுந்து, கோப்பையைத் தொட்டியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். காபியை முழுவதும் குடித்திருந்தாள்.

அன்று மாலை கியூவொன் போகும்போது கதவருகில் நின்றான்.

"அந்த ஒரு வரிய நானே எழுதித் தரட்டுமா அக்கா?"

"வேணாம். நான் எழுதிக்கறேன்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை வெளிவந்தது ஐம்பத்தெட்டாவது அத்தியாயம். சோடா. ஜேகால் மின் வளர்ந்து வேலைக்குப் போன இடத்தில், எல்லோருக்கும் முன்னால், அவள் செய்தது படித்துக் காட்டப்படுகிறது. வாசகர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். வெளியாவதற்கு முன் நான் குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். நம்குங் யூன் இல்லை என்று எழுதினால், அப்படியானால் யார் என்று அடுத்த கருத்து வரும். அது ஒரு காரணம். இன்னொன்று, அந்த வரி அத்தியாயத்தைக் கெடுத்துவிடும். ஆராம் அவ்வளவு பட்ட பிறகு, ஒருநாளாவது அவள் பக்கம் முழுமையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெட்டியில் இவ்வளவு நாள் கூட இருந்த எல்லோருக்கும் நன்றி என்று எழுதினேன். பத்துக்கு ஒன்பது புள்ளி ஒன்பது ஐந்து வந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெற்றோர்கள் அந்த அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு போனார்கள்.

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆல்பத்தின் பக்கத்தைப் பதிவேற்றியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். வேறொரு பெயரில் செய்தேன். அதே பக்கத்தில் அவளுக்கு இரண்டு பேர் தள்ளி நானும் இருந்தேன். என் முகத்தை மறைத்துவிட்டுப் பதிவேற்றினேன். அடிபட்டவளின் முகத்தை மறைத்த நல்ல மனம் என்று வாசகர்கள் பாராட்டியிருந்தார்கள். கியூவொனுக்கோ பாங்குக்கோ இதில் பங்கில்லை.

மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கியூவொன் அறுபத்தோராவது அத்தியாயத்தை வரைந்து முடித்துக் கொடுத்துவிட்டு, என் கை இருந்த புகைப்படங்களை உங்களிடம் ஒப்படைத்தான். இப்போது சுவொனில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறான். பாங் பதவி உயர்ந்து வேறு பிரிவுக்குப் போனார். மதியத் தூக்கம் கணக்கை மூடிவிட்டார். அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. நம்குங் யூன் வேலையை விட்டாள். ஒரு வசந்தம் முழுவதும் மருத்துவமனையில் இருந்தாள். நீதிமன்றத்தில் மனு கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டாள். புதுப் பெயர் எனக்குச் சொல்லப்படவில்லை. குடும்பப் பெயரை மாற்ற முடியாது, அதனால் நம்குங் அப்படியே இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஒரு மீன் கிடங்கில் பெட்டி கட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே எல்லோரும் தொப்பியும் முகமூடியும் போட்டிருப்பார்களாம்.

கதை இன்னும் இணையத்தில் இருக்கிறது. எடுத்துவிடுவார்கள் என்று சொன்னீர்கள். அதுவரை நான் படிப்பேன். ஆராமுக்கு இன்னமும் எழுதுகிறார்கள். நீ நிறையப் பட்டுவிட்டாய், இனி நன்றாக இரு என்று நேற்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். சூப்பின் பெயரில்தான் எனக்குச் சந்தேகம். அது என் உச்சந்தலையில் விழுந்து கழுத்தில் இறங்கியபோது இருந்த சூடு எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.